மூன்றாவது டிக்

மூன்று முறைதான் முயலும்.
பிறகு சிவப்பு விளக்கால் கண்ணடித்துவிட்டு
வேலைநிறுத்தம்.

அண்டர்பெர்க்கில் ஜூலை.
வெளியே மைனஸ் ஆறு,
உள்ளே அதற்குப் பெரிய வித்தியாசமில்லை.
நாய்க்கு வைத்த தண்ணீருக்குக்
குளிர் கண்ணாடி போட்டிருக்கிறது.
பிஸ்கட் அதை நக்கிப் பார்த்துவிட்டு
நான்தான் செய்தேன் என்பதுபோல் பார்க்கிறது.

வழக்குத் தீர்ந்தபோது
வீடு குணசீலனுக்கு, கேரவன் எனக்கு.
"அதை வைத்துக்கொண்டு என்னடீ செய்யப்போகிறாய்?"
சாட்ஸ்வொர்த் மாடிப்படியில் நின்று அக்கா கேட்டாள்.
இதைத்தான், அக்கா:
இரவு ஒன்றரை மணிக்குக் குப்புறப் படுத்து
ஹீட்டர் மூடியின் நாலு திருகுகளைப்
பழம் நறுக்கும் கத்தியால் கழற்றுகிறேன்.

கையேடு கிடைத்தது, ரசப்பொடி டப்பாவுக்கு அடியில்.
ஓரமெல்லாம் அவருடைய பென்சில்.
பதினேழு வருடத்தில் எனக்கு ஒரு வரி எழுதாத மனிதர்
இந்த இயந்திரத்துக்குப்
பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

"முதலில் அடுப்பைப் பற்றவை.
நீலமாய் எரிந்தால் கேஸ்மேல் பழி போடாதே."
நீலமாய்த்தான் எரிந்தது.
பழி போடவில்லை, டீக்குத் தண்ணீர் போட்டேன்.

"பேட்டரி பார். அது இறங்கினால் விசிறி சோம்பும்,
விசிறி சோம்பினால் உள்ளே தகடு எழும்பாது,
தகடு எழும்பாமல் கேஸ் திறக்காது."
ஒருவர் எழும்பாவிட்டால்
அடுத்தவர் பல் தேய்க்காத
என் மாமியார் வீட்டு விடியற்காலை.
மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஆறு காட்டியது.
எல்லோரும் எழுந்துதான் இருக்கிறார்கள்.

பக்கத்து கேரவன் ஃபூரி
போர்வையோடு வந்து டார்ச்சை என் முகத்தில் அடித்து
"போர்டு போய்விட்டது" என்றார்,
எதையும் பார்க்காமலே,
சாவுச் செய்தி கொண்டுவந்தவர் குரலில்.
ஆறாயிரம் ரேண்ட் ஆகுமாம்.
நன்றி சொன்னேன். டீ கொடுத்தேன்.
டார்ச்சை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுபடி திருகினேன்.
கிளிக்.
விசிறி மூச்சிழுத்தது.
பதினைந்து எண்ணினேன்.
டிக். டிக். டிக்.
பொறி இருக்கிறது, கண்ணால் கண்டேன்,
தும்பிச் சிறகளவு நீலம்.
கேஸ் வாடையும் வருகிறது,
லேசாக. மிக லேசாக.
அங்கேதான் நின்றது என் மூக்கு.
அடுப்புக்குத் தாராளம்,
இதற்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

ஓரத்தில் அவர்:
"பத்தொன்பது ஜூன். இதே தொல்லை.
காரணம் தெரியவில்லை. போர்வை வாங்கினோம்."
ஞாபகம் இருக்கிறது அந்தப் போர்வை.
ஒன்றுதான் வாங்கினோம்.

சிலிண்டரை மூடினேன்.
வாடை போகட்டும் என்று கதவைத் திறந்ததில்
மலைக்குளிர் முழுதும் உள்ளே வந்து
செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தது.
நட்டை இளக்கி பர்னரை மடியில் எடுத்தேன்.
கேஸ் வரும் பித்தளை மூக்கில்
ஊசிமுனைத் துளை.
அதன் வாசலில்
வெள்ளையாய், மிளகளவு,
ஒரு சிலந்தி கூடாரம் அடித்திருந்தது.

கேஸில் கலக்கும் அழுகல் நாற்றம்
சிலந்திக்குப் பிடிக்கும் என்பார்கள்.
நமக்கு எச்சரிக்கை,
அதற்கு அத்தர்.
ஆள் இல்லை. காலி வீடுதான்.
காலி வீட்டுக்கா இவ்வளவு பூட்டு!

"ஊசி விடாதே, துளை அகலும்."
கீழே இரண்டு கோடு.
அது சரி, குணசீலன்.
அது சரி.
பழைய பல்துலக்கியால் தேய்த்தேன்,
சைக்கிள் பம்பால் நாலு அடி அடித்தேன்,
நூல் போன திசை தெரியவில்லை.
நட்டை இறுக்கி, சோப்பு நுரை தடவி,
குமிழ் வரவில்லை என்று
டார்ச் அடித்து இரண்டு தரம் பார்த்து,
சிலிண்டரைத் திறந்து,

கிளிக்.
விசிறி.
பதினைந்து.
டிக். டிக்.
மூன்றாவது டிக்குக்கு வேலை வரவில்லை.
'புஃப்' என்றது,
வயிறு நிறைந்தவர் ஏப்பம்போல.

"காரணம் தெரியவில்லை" என்பதற்குக் கீழே
"சிலந்தி" என்று எழுதினேன்,
பேனாவால்.
திரும்பிப் பார்த்தால்
வெப்பம் வரும் துவாரத்தை முழுசாக அடைத்துக்கொண்டு
பிஸ்கட் தூங்குகிறது.
தள்ளு, என்றேன்.
மூன்று முறை.